தாத்தா எந்த சாஃப்ட்டில் இறங்கினார்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கோலார் தங்கவயலைப் பற்றி வந்த ஒரு கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால், பெங்களூரில் பாதித் தமிழ்க் குடும்பங்களுக்கு எங்காவது ஒரு சுரங்கத்தோடு உறவு இருக்கும் போலிருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்கச் சுரங்கக் குடும்பங்களின் கேள்விகள்தான்.

என் தாத்தா தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அப்பாவிடம் கேட்டால் "அண்டர்கிரவுண்டில் வேலை செஞ்சாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வீட்டில் ஒரே ஒரு போட்டோ இருக்கிறது. பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே தொடங்குவது?
— வாசகி, ராமமூர்த்தி நகர்

பெயரிலிருந்து தொடங்காதீர்கள், சகோதரி. ஒரே காலத்தில் அங்கே எத்தனை முனுசாமிகளும் கோவிந்தன்களும் சின்னப்பன்களும் கேஜில் (சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டில்) ஏறி இறங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கம்பெனிக்கு அவர்கள் எண்கள், கைரேகைகள். அந்தக் கைரேகைப் பதிவை எதிர்த்தே 1930ல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. ஆகவே பெயரோடு கூட உங்களுக்கு வேறு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: எந்தச் சுரங்கம், எந்த சாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி), குடியிருந்தது எந்த லைன் (தொழிலாளர் வீட்டு வரிசை). இவை தெரிந்தால் கதவு திறக்கும், தெரியாவிட்டால் எந்த ஆவணக் காப்பகத்துக்குப் போனாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

கேஜிஎஃப் என்று நாம் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். வடக்கே நந்திதுர்க்கம், அப்புறம் உரிகம், சாம்பியன் ரீஃப், தெற்கே மாரிக்குப்பம் பக்கம் மைசூர் மைன் என்று அவை தனித்தனிச் சுரங்கங்கள். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம்தான் எல்லாவற்றையும் நிர்வாகம் செய்தது என்றாலும் கம்பெனிகள் வேறு வேறு, கணக்கும் வேறு வேறு. 1956ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962ல் மத்திய அரசின் கைக்குப் போனது, 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் வந்தது, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடிவிட்டார்கள். தாத்தா வேலைக்குச் சேர்ந்த வருடமும் நின்ற வருடமும் தோராயமாகத் தெரிந்தால்கூட எந்த நிர்வாகத்தின் காகிதத்தைத் தேட வேண்டும் என்று புரிந்துவிடும்.

அப்பா பேசவில்லை என்கிறீர்கள். "தாத்தா எப்படி இருந்தார்?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. சங்கு எத்தனை மணிக்கு ஊதும், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் பகலில் வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாதா, சாப்பாட்டுத் தூக்கில் என்ன போகும், குழாயடி எங்கே இருந்தது, பக்கத்து வீட்டில் யார், சம்பள நாளில் ஆண்டர்சன்பேட்டை கடையில் என்ன வாங்குவார்கள் என்று கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் வந்தால் பின்னாலேயே பத்து வரும். வேலையைப் பற்றிக் கேட்கும்போதும் அப்படித்தான்: பாறையில் துளை போடுபவரா, வண்டி தள்ளுபவரா, முட்டுக் கொடுப்பவரா, மருந்து வைத்து வெடிப்பவரா? எத்தனையாவது லெவல்? சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். கீழே வேலை செய்தார் என்ற ஒரே வார்த்தைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு அது தெரியும், அதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல்தான் நிறுத்திக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

வீட்டில் அத்தை, பெரியம்மா, ஆயா என்று பெண்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். ஷிஃப்ட் நேரம் அவர்களுக்குத்தான் அத்துபடி, அடுப்பு அந்தக் கணக்கில்தானே எரிந்தது. வயதானவர்கள் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் இன்னும் நல்லது. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார், அந்த வாக்குவாதத்தில்தான் சரியான லைன் பெயர் வெளியே வரும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், சம்மதம் கேட்டுவிட்டு. அதே லைனில் இருந்த வேறு குடும்பங்கள் உங்களுக்கு ரொம்ப தூரத்தில் இருக்காது. சுரங்கம் மூடிய பிறகு ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் கே.ஆர். புரத்திலும் உங்கள் ராமமூர்த்தி நகரிலும் நிறையவே இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு காகிதம். முதலில் வீட்டுப் பெட்டி: பி.எஃப். சீட்டு, சர்வீஸ் சர்டிஃபிகேட், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி சீட்டு. அப்பாவின் பள்ளிக்கூட டி.சி.யைத் தேடி எடுங்கள், பிறந்த தேதியும் தகப்பனார் பெயரும் அதில் இருக்கும், மற்றதைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் கேட்டுப் பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் கோயிலில் இருக்கும். சாம்பியன் ரீஃபில் வெற்றி மாதா கோயில் பழமையானது, அங்கிருந்து தொடங்கலாம். அதையும் தாண்டிப் போக வேண்டுமென்றால் விதான சௌதாவில் கர்நாடக மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது, நிருபதுங்கா சாலையில் மிதிக் சொசைட்டி நூலகம் இருக்கிறது. பழைய மைசூர் அரசின் சுரங்கத் தலைமை ஆய்வாளர் வருடா வருடம் அறிக்கை எழுதினார், விபத்துகளும் அதில் பேசப்படும். குடும்பத்தில் யாராவது ஏர் பிளாஸ்ட்டில் போனார்கள் என்று சொன்னால் (பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறுவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) எந்த வருடம் என்று கேட்டுக்கொண்டு அந்த வருட அறிக்கையைக் கேளுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த அறிக்கைகள் கம்பெனியையும் அரசையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. விபத்துக்கு யார் காரணம் என்பதில் வீட்டில் சொல்வதும் அறிக்கை சொல்வதும் வேறுபட்டால் இரண்டையுமே எழுதி வையுங்கள்.

பெங்களூருக்கு முன்பே தங்கவயலுக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று எங்கள் மாமா பெருமையாகச் சொல்வார். உண்மையா?
— வாசகர், அல்சூர்

உண்மைதான். சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902ல் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பியில் தங்கவயலுக்குப் போனது, பெங்களூர் தெருவிளக்குக்கு 1905ல்தான் வந்தது. மாமா பெருமைப்படலாம். கூடவே அவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: அவர்கள் இருந்த லைன் வீட்டில் முதல் பல்பு எந்த வருடம் எரிந்தது? 1902ல் கரண்ட் வந்தது இயந்திரங்களுக்காக, கூலிக்காரர் வீட்டுக்காக வரவில்லை. உங்கள் குடும்ப வரலாற்றுக்கு அந்த இரண்டாவது தேதிதான் முக்கியம். அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, மாமாவிடம்தான் கிடைக்கும்.

அம்மாவின் அப்பா நாற்பது வயதைத் தாண்டியதும் இருமி இருமியே செத்துப்போனார். டி.பி. என்று சொல்லி உறவுக்காரர்களே வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்களாம். சுரங்கத் தூசியால் வந்த நோயாக இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அம்மாவிடம் இதைச் சொல்லலாமா?
— வாசகி, விவேக் நகர்

சொல்லுங்கள். தங்கவயலில் பொன் இருந்தது குவார்ட்ஸ் பாறையில், அதைத் துளைத்தால் பறக்கிற சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கிவிடும். சிலிகோசிஸ் என்பது இதுதான். 1940களில் 7,000க்கும் மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 100க்கு 40 பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது தெரிந்தது. மைசூர் சமஸ்தானம் 1940லேயே இதற்கென்று தனி விதிகள் போட்டு நஷ்டஈட்டுக்கு வழி செய்திருந்தது. சிலிகோசிஸ் வந்த நுரையீரலை டி.பி. சுலபமாகப் பிடிக்கும் என்பதால் உங்கள் தாத்தாவுக்கு இரண்டுமே இருந்திருக்கலாம். இருந்தாலும் அவர் பாறை உடைக்கும் வேலையிலோ வெடித்த கல்லை அள்ளும் வேலையிலோ இருந்தாரா என்று முதலில் கேட்டுப் பாருங்கள், மேலே ஆபீசிலோ ஒர்க்‌ஷாப்பிலோ இருந்தவர் என்றால் கதை வேறு. ஆஸ்பத்திரிச் சீட்டோ நஷ்டஈட்டுக் காகிதமோ வீட்டில் இருந்தால் அதில் எழுதியிருக்கும்.

உங்கள் அம்மா சிறுமியாக இருந்தபோது அந்த வீட்டை ஊரே ஒதுக்கியிருக்கிறது. அப்பா ஏதோ தப்பான பழக்கத்தால் நோயை வாங்கிக்கொண்டார் என்றுகூட யாராவது பேசியிருக்கலாம், அந்தக் காலத்தில் அப்படிப் பேசுவது சாதாரணம். வேலை கொடுத்த நோய் அது, அவர் மேல் தப்பில்லை என்று மகளின் வாயால் கேட்பது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள், அன்றைக்கே எழுதவோ பதிவு செய்யவோ வேண்டாம்.

சாம்பியன் ரீஃபில் விஞ்ஞானிகளின் பெட்டிகளைக் கீழே இறக்கியதாகத் தாத்தா சொல்வார். கதை விடுகிறார் என்று எல்லோரும் சிரிப்போம். அப்படி ஏதாவது நடந்ததா?
— வாசகர், ஒயிட்ஃபீல்டு

தம்பி, நடந்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் ஜப்பான், இங்கிலாந்துக் குழுக்களோடு சேர்ந்து 1965ல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைப் பிடித்தார்கள். உலகத்தில் அதை முதலில் கண்ட இடங்களில் தங்கவயலும் ஒன்று. அத்தனை கருவிகளும் கேஜ் வழியாகத்தான் கீழே போயிருக்கும், இறக்கியவர்கள் சுரங்கத்து ஆட்களாகத்தான் இருப்பார்கள். தாத்தா இருக்கிறார் என்றால் இன்றைக்கே போய் உட்கார்ந்து முழுவதையும் கேளுங்கள். விஞ்ஞானிகளின் கட்டுரைகள் இருக்கின்றன, பெட்டி தூக்கியவர் சொன்னதாக நான் இதுவரை ஒன்றும் படித்ததில்லை.

ஆயாவின் டிரங்குப் பெட்டியில் தங்கவயலில் அச்சடித்த பழைய தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. புத்தர், பூர்வ பௌத்தம் என்றெல்லாம் தலைப்பு. தொட்டாலே உதிர்கிறது. பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறார்கள்.
— வாசகி, ஃபிரேசர் டவுன்

போடாதீர்கள், தயவுசெய்து போடாதீர்கள்! உங்கள் ஆயா வீட்டில் இருப்பது தமிழ்நாட்டு நூலகங்களிலேயே அரிதாகக் கிடைப்பதாக இருக்கலாம். தமிழ்ப் பௌத்தத்தை மீட்க உழைத்த அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் சென்னையில் தொடங்கிய தமிழன் பத்திரிகை அவர் 1914ல் மறைந்த பிறகு தளர்ந்துபோனது. அதை 1926ல் மறுபடி எழுப்பியவர் தங்கவயலின் ஜி. அப்பாத்துரையார். பண்டிதரின் எழுத்துகளைச் சிறு சிறு நூல்களாக அச்சிட்டு வைத்தது தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை. ஷிஃப்ட் முடித்து வந்த தொழிலாளிகள் சந்தா கட்டி, கூட்டம் போட்டு, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு வளர்த்த பௌத்தம் அது. பண்டிதரின் பெயர் இன்று பல்கலைக்கழகங்களில் பேசப்படுகிறது என்றால் அந்தக் கூலிக்காரர்களின் காசும் அதில் இருக்கிறது, அந்த நன்றியை நாம் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

செலோ டேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நிழலான இடத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பக்கமாக மேலிருந்து போனில் படம் எடுங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் விடாதீர்கள், அச்சகத்தின் பெயரும் விலையும் அங்கேதான் இருக்கும். ஓரத்தில் யாராவது பேனாவால் பெயர் எழுதியிருந்தால் அது உங்கள் குடும்பத்துக்கான ஆவணம். பிறகு சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், இந்த மாதிரி அச்சுப் பிரதிகளைப் பாதுகாப்பதே அவர்கள் வேலை. பக்கத்திலேயே யாரிடமாவது காட்ட வேண்டும் என்றால் அல்சூர் ஏரிக்கருகே அண்ணாசாமி முதலியார் சாலையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்து நூலகம் இருக்கிறது.

குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தால் அப்பா தடுக்கிறார். "தட்டி வீட்டுல இருந்தோம், பறையன்னு ஊர்ல ஒதுக்கினதாலதான் இங்க வந்தோம், இதெல்லாம் பேரப் பசங்களுக்கு எதுக்கு?" என்கிறார். எழுதுவதா வேண்டாமா?
— வாசகர், கம்மனஹள்ளி

அந்த ஒரே வாக்கியத்தில் உங்கள் அப்பா பாதி வரலாற்றைச் சொல்லிவிட்டார். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நிலக்காரர்களின் பண்ணையில் கிடந்தவர்கள் கையில் காசாகக் கூலி கிடைக்கும் என்று நடந்தும் ரயிலேறியும் வந்தார்கள். கீழே உயிருக்கு உத்தரவாதம் இல்லை, மேலே மூங்கில் தட்டி வீடு, ஆனால் தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், சங்கம் வைக்கலாம். 1954ல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார், அந்தக் கூட்டத்தைப் பார்த்த பெரியவர் யாராவது உங்கள் சொந்தத்தில் இருந்தார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள், முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் ஒதுக்கியவர்கள்தான், ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் இல்லை. என் அபிப்பிராயத்தில் இது எழுதப்பட வேண்டும், பேரப் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட வேண்டும்.

அதே சமயம் அந்த வலி அப்பாவுடையது. அவருக்குத் தெரியாமல் எழுதி வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பிவிடாதீர்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்வதைத் தனி நோட்டில் வைத்துக்கொண்டு, எப்போது யாருக்குக் கொடுக்கலாம் என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் வாசிக்கக் கேட்ட பிறகு அவர்களே "இதையும் சேர்த்துக்கோ" என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நீங்கள் எப்போதும் தங்கவயலையே எழுதுகிறீர்கள். என் அம்மாவின் ஊர் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஊரே இல்லாதபோது என் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?
— வாசகி, ஜீவன்பீமா நகர்

உங்கள் குறை நியாயமானது. தங்கவயலில் மேலே ஊர் இருக்க, அடியில் சுரங்கம் தோண்டினார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பது திறந்தவெளியில், மேல்மண் முழுவதையும் வாரி எடுத்தால்தான் கரி. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் கறுப்புத் தண்ணீர் வந்ததில் தொடங்கிய கதை, 1956ல் நிறுவனம் ஆனது, 1957ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஊர்கள் காலி செய்யப்பட்டன.

ஆனால் காகிதத்தில் உங்கள் ஊர் இருக்கும். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். 1951, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளைத் தேடுங்கள், கிராமம் கிராமமாக மக்கள்தொகை போட்டிருப்பார்கள். கடலூரில் வருவாய்த் துறையிடமும் நில அளவைத் துறையிடமும் பழைய கிராம வரைபடம், அ-பதிவேடு கேட்டு விண்ணப்பிக்கலாம், தாத்தாவின் பெயரும் சர்வே எண்ணும் அதில் கிடைத்தால் வயல் எங்கே இருந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். அதற்கு முன்னால் ஒரு பெரிய சார்ட் காகிதத்தை அம்மாவின் முன் விரித்துவிடுங்கள். கிணறு, முந்திரித் தோப்பு, ஐயனார் கோயில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி என்று அவர் நினைவில் இருப்பதைப் போடட்டும், அளவு சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குலதெய்வத்தை எடுத்து வந்து வேறு எங்கே வைத்தார்கள் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டிய இடம் அதுதான், ஊர்க்காரர்களும் திருவிழாவுக்கு அங்கேதான் கூடுவார்கள்.

அப்பாவுக்கு எண்பது வயது. கடைசியாக ஒருமுறை தங்கவயலைப் பார்க்க வேண்டும் என்கிறார். எப்படிக் கூட்டிப்போவது, எதைப் பார்ப்பது?
— வாசகர், கே.ஆர். புரம்

கார் வேண்டாம், முட்டியில் தெம்பு இருந்தால் மாரிக்குப்பம் ரயிலிலேயே கூட்டிப்போங்கள். பங்காருப்பேட்டையில் பிரிந்து கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வரும்போது அவரே பேச ஆரம்பித்துவிடுவார், போனைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் கூட்டம் எதிர்த் திசையில் இருக்கும் என்பதால் உட்கார இடம் கிடைப்பதும் சுலபம், நேரத்தை மட்டும் முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்கியதும் ஆட்டோ பிடித்து முதலில் அவர் இருந்த லைனுக்குப் போங்கள், வெயில் ஏறுவதற்குள். சாஃப்ட்டுகள் மூடிக் கிடக்கின்றன, வேலிக்குள் போக முயற்சிக்க வேண்டாம், வெளியிலிருந்து காட்டினால் போதும். சயனைடு மேடுகளின் (பொன்னைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண்மேடுகளின்) பக்கம் காற்று அடிக்கும் நாளில் நிற்காதீர்கள், வயதான நுரையீரலுக்கு அந்தத் தூசி ஆகாது, ஒரு மாஸ்க் எடுத்துப்போங்கள். மதியச் சாப்பாடு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் வைத்துக்கொண்டால் பழைய சிநேகிதர் யாராவது கண்ணில் படுவார். அப்படி யாராவது கிடைத்துவிட்டால் சாயங்கால ரயிலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அடுத்ததில் திரும்பிக்கொள்ளலாம்.